மலை ஈரத்தில் ஒரு கிளிப் லென்ஸ்

சின்னதைப் பெரிதாகக் காட்ட போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் பாதி விலைக்கு வந்துவிட்டதாம். "நீங்க வச்சிருக்கீங்களே அண்ணா, வாங்கலாமா?" என்று குன்னூரிலிருந்து ஒரு தம்பி கேட்டார். அவருக்கான பதில் இது.

எங்கள் கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை வந்தால் மேகம் வீட்டுக்குள்ளேயே புகுந்துவிடும். இந்த லென்ஸில் இரண்டு கண்ணாடிகள், நடுவில் இடைவெளி. ஈரம் அங்கேதான் போய்த் தங்குகிறது. அப்புறம் பூஞ்சை, சிலந்தி நூல் மாதிரி. கேமரா பழுது பார்ப்பவரிடம் கொடுத்து, வளையத்தைக் கழற்றித் துடைத்து வாங்கினேன். அடுத்த மழைக்கே திரும்ப வந்துவிட்டது. சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் வைத்தும் முழுசாக நிற்கவில்லை. கிளிப் ரப்பரும் இறுகிப்போய் வழுக்குகிறது. மலைப்பக்கம் விற்கிற பொருளை இப்படியா செய்வார்கள்?

ஆனால் அது காட்டியதை மறைக்க முடியாது. ரோஜா மொட்டில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி மொய்த்திருக்கும் இடத்தில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் நீளத்தில் அஃபிடியஸ் என்ற குளவி திரியும். வெறும் கண்ணுக்குக் கொசுக்குஞ்சுதான். லென்ஸில் பார்த்தால், வயிற்றைக் கால்களுக்கு நடுவே முன்பக்கம் வளைத்து, அசுவினியை ஒரே குத்து. முட்டை உள்ளே போய்விடும். குளவிப் புழு உள்ளேயே தின்று வளர, பிறகு அந்த அசுவினி உப்பி, பழுப்பாகி, காகிதம் போல இலையில் ஒட்டிக்கொள்ளும். கறுப்பாகிப் போனால் அது பெரும்பாலும் அஃபெலினஸ் என்ற வேறொரு குளவியின் வேலை.

எனக்குப் பிடித்தது செத்த அசுவினியின் அந்தக் கூட்டில் இருக்கும் ஓட்டைதான். விளிம்பு சீராக, வட்டமாக, சில சமயம் மூடியும் தொங்கினால் அஃபிடியஸ் வெளியே வந்திருக்கிறது. விளிம்பு பிய்ந்து கோணலாக இருந்தால், அஃபிடியஸையே தின்று வளர்ந்த இன்னொரு குளவி வந்திருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். குளவியைப் பார்க்காமலே பாத்தியில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று தெரிகிறது. இது தெரிந்த பிறகு ரோஜாவுக்கு மருந்தடிக்க மனசே வரவில்லை.

முட்டைக்கோஸில் வைரமுதுகு அந்துப்பூச்சியை அடக்க நீலகிரியில் விட்டு நிலைத்துப்போன டயடெக்மா குளவியையும் இதில்தான் பார்த்தேன். இறக்கை நரம்பைப் பார்க்க அது அசையாமல் உட்கார வேண்டும், உட்காராது.

சரி, வாங்கலாமா? வேண்டாம் தம்பி. இன்னும் பாதி விலைக்கு இறங்கினாலும் வேண்டாம். 10 மடங்கு டிரிப்லெட் கைலென்ஸ் வாங்குங்கள். மூன்று கண்ணாடியும் ஒட்டியே இருப்பதால் நடுவில் ஈரம் புக இடமில்லை. படம் எடுக்க ஆசையா, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாங்க. மொட்டில் இப்போது அசுவினி நிறைய இருக்கிறது, என் லென்ஸிலேயே எடுத்துக்கொள்ளலாம்.