ஜெரார்டும் லாம்பார்டும்: தங்கியவரும் பெயர்ந்தவரும்

இங்கிலாந்தின் முன்னாள் கால்பந்து நடுக்கள ஆட்டக்காரர்களான ஸ்டீவன் ஜெரார்டையும் ஃபிராங்க் லாம்பார்டையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் கோல்களையே எண்ணுகின்றனர். இருவரையும் உண்மையில் பிரித்தது கிளப் பற்றிய முடிவுதான் என்பது என் கருத்து. தந்தை ஆடிய வெஸ்ட் ஹாமிலேயே வளர்ந்த லாம்பார்ட், 2001இல் 1.1 கோடி பவுண்டுக்குச் செல்சிக்குப் பெயர்ந்து, அங்கே மூன்று பிரீமியர் லீக் பட்டங்களையும் 2012இல் ஐரோப்பியக் கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் கோப்பையையும் வென்றதோடு, 211 கோல்களுடன் அந்தக் கிளப்பின் சாதனையாளராகவும் ஆனார். பெனால்ட்டிப் பகுதிக்குள் தாமதமாக, எவர் கண்ணிலும் படாமல் நுழைவதே அவரது கலை.

ஜெரார்டோ 2005இல் இதே செல்சி அழைத்தபோதும், தயங்கி, இறுதியில் லிவர்பூலிலேயே தங்கினார். அதற்குச் சில வாரங்கள் முன்னர், சாம்பியன்ஸ் லீக்கின் இஸ்தான்புல் இறுதியாட்டத்தில் இத்தாலியின் மிலானிடம் 0-3 எனப் பின்தங்கிய அணியின் மீட்சியைத் தன் தலையால் முட்டிய கோலால் தொடங்கிவைத்தவர் அவர். தொலைதூர உதை, தடுப்பாட்டம், நீண்ட பாஸ் என அனைத்தும் கைவந்த அவருக்கு லீக் பட்டம் மட்டும் வாய்க்கவில்லை. 2014இல், பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, அவர் வழுக்கி விழுந்து கோல் விடக் காரணமான ஆட்டத்தில் எதிரணியும், விந்தையாக, செல்சிதான். பட்டங்களின் கணக்கில் லாம்பார்டே முந்துகிறார். ஒரே ஆட்டத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நான் ஜெரார்டையே எடுப்பேன்.