களியக்காவிளைப் பக்கம் "அம்பர்" என்று கட்டியைக் காட்டினால் வாங்காதீர்கள்

பூவாரில் வள்ளங்களுக்கு எஞ்சின் ஸ்பேர் விற்கிறேன். போன மாதம் ஒரு அம்பர் வியாபாரியிடம் ஒன்றரை லட்சம் ரூபாயைத் தொலைத்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அதே ஆள் இப்போது பாறசாலைப் பக்கம் சுற்றுவதாகக் கேள்விப்பட்டதால் எழுதுகிறேன்.

இரண்டு முறை சாமான் வாங்க வந்தார். மூன்றாம் முறை குரலைத் தாழ்த்தி, "அண்ணாச்சி, அம்பர் இருக்கு" என்றார். ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் குடலில் உண்டாகிற மெழுகு மாதிரியான பொருள், சென்ட்டில் சேர்ப்பார்கள், பேப்பரில் திமிங்கில வாந்தி என்று போடுவார்களே, அதுதான். போனில் ஒரு செய்தியையும் காட்டினார். 2022இல் விழிஞ்ஞம் மீனவர்களுக்குக் கடலில் 28.4 கிலோ கிடைத்தது, மதிப்பு 28 கோடி. செய்தி நிஜம்தான். அவர்கள் அதைக் கடலோர போலீஸிடம் ஒப்படைத்துவிட்டார்கள் என்ற பாதியை மட்டும் விரலால் தள்ளிவிட்டார்.

எனக்கு 400 கிராம். கிலோ ஒரு கோடி என்றால் 40 லட்சம். அதை ஒன்றரை லட்சத்துக்கு ஏன் தருகிறார் என்று கேட்கத் தோன்றவில்லை பாருங்கள்! மகள் கல்யாணம், அவசரம் என்றார், தலையாட்டினேன். ஊசியைச் சூடாக்கிக் கட்டியில் குத்தினார், உருகிப் புகை வந்தது. (எந்த மெழுகில் குத்தினாலும் அப்படித்தான் உருகும்.) பணத்தை எண்ணி வாங்கிய பிறகு, வந்த ஆட்டோவுக்கு 200 ரூபாய் தனியாகக் கேட்டார். குடித்த டீயும் என் கணக்கு. கட்டியைச் சுற்றியிருந்த துவர்த்தை, அதாவது துண்டைக்கூட விடவில்லை, உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அப்புறம் பொழியூரில் மாமாவிடம் காட்டினேன். நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர். மோந்து பார்த்து, "என்னலே இது, சாம்பிராணி மணக்குது?" என்றார். திமிங்கிலம் தின்ற கணவாயின் அலகு செரிக்காமல் அசல் கட்டிக்குள் கறுப்பாய்க் கிடக்குமாம். வெட்டுக்கத்தியால் இரண்டாக்கினார். அலகைக் காணோம். நாலு அங்குலத்துக்கு வெள்ளை நூல் ஒன்று தொங்கியது. மெழுகுவர்த்தித் திரி! எந்தக் குருசடியிலோ எரிந்து மிஞ்சிய மெழுகை மணலும் சாம்பிராணியும் போட்டு உருக்கியிருக்கிறான்.

போன் ஸ்விட்ச் ஆஃப். போலீஸுக்குப் போகலாமா என்று மச்சானிடம் கேட்டேன். "போய் என்ன சொல்லுவீங்க அத்தான்?" என்றான். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இந்தத் திமிங்கிலம் முதல் அட்டவணையில் இருக்கிறது. அம்பரை வாங்கினாலும் விற்றாலும் வீட்டில் வைத்திருந்தாலும் 3 முதல் 7 வருஷம் வரை ஜெயில். வாங்கினவன் வாயைத் திறக்க மாட்டான் என்று தெரிந்தேதான் அந்த ஆள் கடை கடையாக ஏறுகிறான்.

முதலில் ஸ்பார்க் பிளக் கேட்டு வருவான். அதற்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிக் கால் மணி நேரம் பேரம் பேசுவான். தோளில் நீலக் கரை போட்ட அந்தத் துவர்த்து இருக்கும்.