பவர்பாயிண்ட்டில் பேனா பிடித்த கதை

கன்ட்ரோல்-பி (P) என்றால் பிரிண்ட், அவ்வளவுதான் என்று 2020 வரை நினைத்திருந்தேன். அந்த வருடம் வகுப்பெல்லாம் ஆன்லைனுக்குப் போனது. பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கதிர் ஒளியியல் நடத்த வேண்டும், கையில் இருந்ததோ ஒரு லேப்டாப்பும் மவுஸும். லென்ஸ் படம் போட்ட ஸ்லைடைக் காட்டி "இந்தக் கதிர் இப்படி வந்து இப்படி வளையும்" என்று நான் சொன்னால், எந்தக் கதிர் என்று அந்தப் பக்கம் போனில் பார்ப்பவனுக்கு எப்படித் தெரியும்? அதனால் பவர்பாயிண்ட் ஸ்லைடு ஷோவில் வலது கிளிக் செய்து, மெனுவுக்குள் போய்ப் பேனாவைத் தேடி எடுத்து வரைவேன். ஒவ்வொரு தடவையும் அந்த மெனு சரியாகப் படத்தின் மேலேயே விரிந்து நிற்கும். கூட வேலை பார்க்கும் கணக்கு வாத்தியார்தான் ஒருநாள், "சார், ஷோ ஓடும்போது கன்ட்ரோல்-பி அமுக்கிப் பாருங்க" என்றார்.

அமுக்கினேன், மெனு இல்லாமலே பேனா கைக்கு வந்துவிட்டது. அதிலிருந்து தினமும் இதுதான் என் கரும்பலகை. பள்ளி திறந்த பிறகும் புரொஜெக்டரோடு அப்படியே தொடர்ந்துவிட்டது.

முதலில் தடுமாற வைத்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பேனா கையில் இருக்கும்போது கிளிக் செய்தால் அடுத்த ஸ்லைடு வராது, ஒரு சிவப்புப் புள்ளிதான் விழும். நான் பதற்றத்தில் ஐந்தாறு முறை கிளிக் செய்து ஸ்லைடு முழுக்க அம்மை போட்ட மாதிரி ஆக்கியிருக்கிறேன். ஸ்பேஸ் பாரோ அம்புக்குறி விசையோ போதும், பேனாவை விடாமலே நகரலாம். மவுஸ் பழையபடி வேண்டுமென்றால் கன்ட்ரோல்-ஏ. லேசர் புள்ளிக்குக் கன்ட்ரோல்-எல், ஆனால் அதை நான் பயன்படுத்துவதே இல்லை, கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு மவுஸின் இடது பட்டனை அழுத்தினாலே லேசர் வந்துவிடுகிறது, கையை எடுத்தால் போய்விடுகிறது. ஹைலைட்டர் கன்ட்ரோல்-ஐ. கணக்கில் கொடுத்த தரவுகளுக்கு மட்டும் மஞ்சள் அடிக்க நல்லது.

அடுத்தது அழிப்பான். இங்கேதான் ஜாக்கிரதை. கன்ட்ரோலோடு சேர்த்து இ விசையை அழுத்தினால் அழிப்பான் கைக்கு வரும், வேண்டாத கோட்டை மட்டும் துடைக்கலாம். கன்ட்ரோல் இல்லாமல் வெறும் இ அழுத்தினால் அந்த ஸ்லைடில் எழுதியது அத்தனையும் ஒரே நொடியில் காலி. லென்ஸ் தயாரிப்பாளர் சமன்பாட்டை மவுஸில் முக்கி முக்கி எழுதி, கடைசி வரியில் ஒரு குறியை மட்டும் திருத்தப்போய், கன்ட்ரோல் சரியாக அழுந்தாமல் எல்லாவற்றையும் துடைத்தேன். பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. திரும்ப முதலிலிருந்து எழுதினேன். எழுதியதைக் கொஞ்ச நேரம் மறைத்து வைத்து "இப்போ நீங்க சொல்லுங்க" என்று கேட்கத்தான் ஆசை என்றால் அதற்குக் கன்ட்ரோல்-எம் இருக்கிறது, மறைக்கவும் அதுதான், திரும்பக் கொண்டுவரவும் அதுதான். இது தெரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது.

எனக்கு மிகவும் பிடித்தது, கன்ட்ரோல் இல்லாமல் பி (B) மட்டும். திரை கறுப்பாகிவிடும், டபிள்யூ அழுத்தினால் வெள்ளை. பாதி வகுப்பில் யாராவது ஸ்லைடில் இல்லாத ஒன்றைக் கேட்பார்கள் இல்லையா, பி (B) அழுத்தி, பேனாவுக்குக் கன்ட்ரோல்-பி (P) அழுத்தி, அந்தக் கறுப்பிலேயே படம் போட்டுக் காட்டிவிட்டு மறுபடி பி (B) அழுத்தினால் விட்ட இடத்துக்கு வந்துவிடலாம்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒரு விஷயம். என் கணினியில் தமிழ் விசைப்பலகை ஆன் ஆகி இருந்தால் இந்த ஒற்றை எழுத்துக் குறுக்குவழிகள், அதாவது இ (E), பி (B), டபிள்யூ (W), சில நேரம் வேலை செய்வதில்லை. கன்ட்ரோலோடு வருபவை மட்டும் ஒழுங்காக வேலை செய்யும். ஏதோ விசை கெட்டுவிட்டது என்றே ரொம்ப நாள் நினைத்தேன். இப்போது ஷோ தொடங்கும் முன் விண்டோஸ் விசையும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டுத்தான் எஃப்5.

ஷோ முடியும்போது எழுதியதை வைத்துக்கொள்ளவா, விட்டுவிடவா என்று கேட்கும். அவசரத்தில் வைத்துக்கொள் என்று கொடுத்து, சேமித்தும் தொலைத்தேன். மறுநாள் பி பிரிவில் அதே கோப்பைத் திறந்தால் ஏ பிரிவுக்குப் போட்ட விடை, கணக்கைப் படிக்கும் முன்பே, திரையில் பளிச்சென்று நிற்கிறது. இப்போது நடத்துவதற்கு எப்போதும் ஒரு நகல்தான்.

குறை என்றால், மவுஸில் என் கோடு நேராக வந்ததே இல்லை. கதிர்ப் படத்தில் கோடு கோணினால் பாடமே கோணும். அதனால் முக்கியமான படங்களை முன்கூட்டியே வரைந்து, அனிமேஷன் கொடுத்து வைத்துவிடுகிறேன். வரையும்போது ஷிஃப்ட் பிடித்தால் கோடு நேராக நிற்கும், வட்டம் வட்டமாக வரும். இணைக்கதிர்கள் வேண்டுமா, ஒரு கோட்டை கன்ட்ரோல்-டி கொடுத்துப் பிரதி எடுத்து, வேண்டிய இடைவெளியில் நகர்த்தி வைத்துவிட்டு, மறுபடி மறுபடி கன்ட்ரோல்-டி தட்டினால் அதே இடைவெளியில் வரிசையாக வந்து விழும். இதைப் பார்த்த அன்று நான் வீட்டில் கூப்பிட்டுக் காட்டினேன், யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. ஆல்ட்டோடு இடது வலது அம்புக்குறி அழுத்தினால் உருவம் 15 டிகிரி திரும்பும், முப்பட்டகப் படத்துக்கு உதவும்.

வகுப்பிலேயே நேர்கோடு வேண்டும் என்றால் ஜூம்இட். மார்க் ருசினோவிச் எழுதிய சின்ன இலவச மென்பொருள், மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் கிடைக்கும். கன்ட்ரோல்-2 அழுத்தினால் திரையில் எது இருந்தாலும் அதன் மேல் வரையலாம். ஷிஃப்ட் பிடித்தால் நேர்கோடு, கன்ட்ரோல் பிடித்தால் செவ்வகம், இரண்டும் பிடித்தால் அம்புக்குறி. ஆர் சிவப்பு, ஜி பச்சை, பி (B) நீலம் என்று நிறம் மாற்ற ஒரு எழுத்து போதும், பவர்பாயிண்ட்டில் இதற்கு இன்னும் நான் வலது கிளிக் மெனுவுக்குத்தான் போகிறேன். கன்ட்ரோல்-இசட் போட்டால் கடைசிக் கோடு மட்டும் போகும். ஆனால் இதிலும் இ அழுத்தினால் எல்லாம் அழியும், அந்தச் சாபம் விடாது போல.

ஒரே தொல்லை, ஜூம்இட் பின்னணியில் ஓடிக்கொண்டே இருப்பதாலும், திரையைப் பெரிதாக்கும் அதன் விசை கன்ட்ரோல்-1 என்பதாலும், மதிப்பெண் பட்டியல் போடும்போது எக்செல்லில் கன்ட்ரோல்-1 அழுத்தினால் ஃபார்மேட் செல்ஸ் பெட்டிக்குப் பதிலாகத் திரை பூதாகரமாகப் பெருத்து முகத்தில் மோதும். அதன் அமைப்புகளில் விசையை மாற்றிக்கொள்ளலாம். நான் கன்ட்ரோல்-ஆல்ட்-1 என்று மாற்றி வைத்திருக்கிறேன், இருந்தும் வகுப்பில் பழக்க தோஷத்தில் கை இன்னும் பழைய விசைக்கே போகிறது.