பிளாக்ஜாக் 'கலைப்புப் பின்தொடர்தல்' செயலிக்குப் பணம் கட்டுமுன்

கேசினோவில் ஆடும் பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில், டீலர் (சீட்டுப் போடுபவர்) சீட்டைக் கலைக்கும்போதே ஆட்டக்காரருக்குச் சாதகமான பத்தும் ஏஸும் எங்கே போகின்றன என்று கண்ணால் பின்தொடரலாம், ஒரே மாதத்தில் கற்றுத் தருகிறோம் என்று லாஸ் வேகாஸ் கிளம்புகிறவர்களிடம் செயலியோடு சேர்த்துப் பயிற்சி விற்கிறார்கள். வித்தை உண்மைதான். விற்கிற செயலிதான் மோசடி. அது சீட்டைக் கலைப்பதே இல்லை. ஒவ்வொரு முறையும் ஆறு கட்டின் 312 சீட்டையும் கணினி புதிதாகத் தாறுமாறாக அடுக்குகிறது. பின்தொடர அங்கே எதுவும் மிஞ்சாது. வாரக்கணக்கில் பழகியவர்களுக்குக் கிடைப்பது வெறும் ஊகம்.

கையால் கலைப்பது வேறு. ஒரே கட்டு நன்றாகக் கலைய ஏழு தடவை ரிஃபிள் (இரண்டு பாதியாகப் பிரித்து ஒன்றோடொன்று கோத்துக் கலைப்பது) செய்யவேண்டும் என்று கணிதவியலாளர்கள் பேயரும் டயகோனிஸும் 1992-இல் காட்டினார்கள். ஆறு கட்டு மேசையில் டீலருக்கு அவ்வளவு நேரம் கிடையாது. இரண்டு குவியலாகப் பிரித்து, இரண்டிலிருந்தும் அரைக்கட்டு அரைக்கட்டாக எடுத்து ஒன்றிரண்டு முறைதான் ரிஃபிள் செய்வார். அதனால் 26 சீட்டுக் கத்தை ஒன்று 52-க்குள்ளேயே அடங்கிக் கிடக்கும்.

விளம்பரம் மறைப்பது இதற்கடுத்த கணக்கை. அந்தக் கத்தையில் பெரிய சீட்டுகள் (பத்து முதல் ஏஸ் வரை) சின்னவற்றைவிட (2 முதல் 6 வரை) 6 கூடுதல் என்று வையுங்கள். அதோடு சேரும் 26-இல் 1 குறைவு. ஆக 52-இல் மிகுதி 5, அருமையான இடம். கலைப்பின் இரண்டாம் சுற்றில் இன்னொரு 52 சேர்கிறது, அதில் 2 குறைவு. இப்போது 104-இல் மிகுதி 3, கட்டுக்கு ஒன்றரைதான். கட்டுக்கு ஒன்று மிகுந்தால் ஆட்டக்காரருக்கு ஏறுவது சுமார் 0.5%; நல்ல விதியுள்ள மேசையிலும் கேசினோவின் சாதகம் கிட்டத்தட்ட அதே அளவு. மிஞ்சுவது கால் சதவீதம். டீலர் ஒவ்வொரு பிடியிலும் 26-க்குப் பதில் 20 எடுத்தால், மூன்றாவது பிடியில் உங்கள் கணக்கு 18 சீட்டு தள்ளிப்போய்விடும். பெரிய பந்தயம் மோசமான இடத்தில் விழும்.

வாங்குமுன் சோதனைப் பதிப்பில் 26 பெரிய சீட்டுகளை ஓரிடத்தில் அடுக்கிக் கலைக்கச் சொல்லுங்கள். 312-இலும் சிதறினால் விட்டுவிடுங்கள். கலைத்தபின் வரிசையைக் காட்ட மறுத்தாலும் அப்படியே. வீட்டில் நீல முதுகுச் சீட்டு ஆறு கட்டில், 26 சீட்டை மட்டும் சிவப்பு முதுகாக மாற்றிக் கலைத்துப் பாருங்கள். பரவுவது கண்ணுக்கே தெரியும்.

வெட்டுச் சீட்டுக்கு (எந்த இடத்தில் ஆட்டத்தை நிறுத்திக் கலைக்கவேண்டும் என்று காட்டும் அட்டை) பின்னால் ஆடப்படாமல் கிடக்கும் சீட்டுகளைப் பற்றிப் பேசாத பயிற்சியும் வீண். ஹை-லோ எண்ணிக்கை (சின்னச் சீட்டு வந்தால் ஒன்று கூட்டி, பெரியது வந்தால் ஒன்று கழிப்பது) +7-இல் முடிந்தால், காணாத அந்தக் கத்தையில் பெரியவை 7 கூடுதல். இந்த வித்தையில் உறுதியான தகவல் இது ஒன்றுதான்.

ஓயாமல் கலைக்கும் இயந்திரம் இருக்கும் மேசையில் இது எதுவும் செல்லாது. பிளாக்ஜாக்குக்கு (முதல் இரண்டு சீட்டே ஏஸும் பத்து மதிப்புச் சீட்டுமாக வருவது) 3:2-க்குப் பதில் 6:5 தரும் மேசையில் கேசினோவின் சாதகம் சுமார் 1.4% கூடும், அந்தக் கால் சதவீதம் அங்கேயே போய்விடும். செயலியை மேசையிலும் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்: மனக்கணக்கு நெவாடாவில் குற்றமில்லை, ஆனால் சீட்டை எண்ணக் கருவியைப் பயன்படுத்துவது அங்கே சட்டப்படி குற்றம்.