இந்தியன் ரயில்வே ரிவியூ: பயணத்துக்கு மூணு ஸ்டார், பொறுப்புக்கு ஒண்ணு

மொதல்ல நல்லத சொல்லிடறேன். இந்த நாட்டுல இவ்ளோ கம்மி காசுல இவ்ளோ தூரம் கூட்டிட்டு போற சர்வீஸ் வேற எதுவும் கிடையாது. பாத்ரூம்ல தண்ணி வரல, ஃபேன் ஓடலனு 139க்கோ ரயில் மதத் ஆப்லயோ கம்ப்ளைன்ட் போட்டா பல நேரம் அடுத்த பெரிய ஸ்டேஷன்லயே ஆள் வந்து நிக்கிறாங்க. விபத்தும் குறைஞ்சிருக்கு, ரயில்வே கணக்குப்படி பெரிய விபத்துகள் 2014-15ல 135, 2023-24ல 40. பிராட்கேஜ்ல, அதாவது அகலப்பாதைல, ஆளில்லாத லெவல் கிராசிங் 2019 ஜனவரியோட ஒழிஞ்சுது. இதெல்லாம் உழைப்பு, மனசார பாராட்டுறேன், மூணு ஸ்டார் அதுக்குத்தான்.

ஆனா கம்ப்ளைன்ட் போட்டா ஆள் வர்றது பாத்ரூமுக்குத்தான். டிரைவர எத்தன மணி நேரம் ஓட்ட வைக்கிறீங்க, காலி போஸ்ட்ட ஏன் நிரப்பல, தண்டவாளத்த செக் பண்ண வேண்டிய வண்டி ஏன் ஓடலனு கேக்கறதுக்கு எந்த ஆப்லயும் இடம் இல்ல. மீதி ரிவியூ முழுக்க அத பத்தி தான்.

கடலூர் பக்கம் செம்மங்குப்பம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2025 ஜூலை 8, காலைல ஸ்கூல் வேன் மேல விழுப்புரம் மயிலாடுதுறை பாசஞ்சர் மோதி 3 பிள்ளைங்க போயிட்டாங்க. அது இன்டர்லாக்கிங் இல்லாத கேட். அப்டினா என்னனு பலருக்கு தெரியாது, அதனால கொஞ்சம் விவரமா சொல்றேன். வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டுக்கு போன் அடிப்பாரு, கேட் கீப்பர் கேட்ட மூடிட்டு ஒரு பிரைவேட் நம்பர், அதாவது மூடினதுக்கு அடையாளமா ஒரு ரகசிய எண், சொல்லுவாரு, ரெண்டு பேரும் அத ரிஜிஸ்டர்ல எழுதிக்குவாங்க, அதுக்கப்புறம் தான் வண்டிய விடணும். இன்டர்லாக் பண்ண கேட்னா கேட் பூட்டலனா வண்டி போக சிக்னலே கிடைக்காது, மனுஷன் தூங்கிட்டாலும் மெஷின் வண்டிய நிறுத்தும். இங்க அந்த மெஷின் இல்ல, ஒரு போன், ஒரு நோட்டு, ஒரு மனுஷனோட வாய் வார்த்தை, அவ்ளோ தான். கேட் மூடாமலே மூடியாச்சுனு நம்பர் கொடுத்துட்டாருனு விசாரணைல சொன்னாங்க, அவர கைது பண்ணாங்க. தப்பு தான், அந்த பிள்ளைங்க உயிருக்கு அவர் பதில் சொல்லியே ஆகணும்.

சரி, அந்த கேட்டுக்கு இன்டர்லாக்கிங் போடாம விட்டது யாரு? அதுக்கு யாரயும் கைது பண்ணல. சம்பவம் நடந்த கொஞ்ச நாள்ல, தினமும் இவ்ளோ டிராஃபிக் இருந்தா தான் இன்டர்லாக்கிங்னு வச்சிருந்த அளவ பாதியா குறைச்சாங்க, எல்லா கேட்லயும் சிசிடிவி வைக்க சொன்னாங்க. நல்ல முடிவு. அதே முடிவ ஒரு வருஷம் முன்னாடி எடுத்திருந்தா எந்த விதி தடுத்திருக்கும்? கேட் கீப்பரோட டூட்டி நேரத்துக்கு வருவோம். ரயில்வே சட்டம் 1989 பிரிவு 132 எடுத்து படிச்சு பாருங்க, "இடைவிட்டு வேலை"னு, அதாவது நடுநடுவுல சும்மா இருக்கற நேரம் உள்ள வேலைனு, வகைப்படுத்தின ஊழியர வாரத்துக்கு 75 மணி நேரம் வரைக்கும் வேலை வாங்கலாம்னு இருக்கு. பல கேட்ல 12 மணி நேர டூட்டி ஓடினது இந்த வகைப்படுத்தல வச்சு தான். எட்டு மணி நேர வேலைங்கறது நாம எல்லாரும் சாதாரணமா எடுத்துக்கற விஷயம், பல கேட் ரூம்ல தனியா உக்காந்திருக்கிறவருக்கு அது கோரிக்கையா தான் இருந்துச்சு.

அடுத்தது 2024 ஜூன் 17, மேற்கு வங்கத்துல ரங்கபாணி பக்கம் நின்னுட்டு இருந்த காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் பின்னாடி கூட்ஸ் வந்து மோதுச்சு. கூட்ஸோட லோகோ பைலட், அதாவது டிரைவர், அங்கயே இறந்துட்டாரு. அன்னிக்கே ரயில்வே போர்டு தலைமைல இருந்து வந்த பேச்சு, டிரைவர் சிக்னல மதிக்கலனு. செத்தவர் எந்திரிச்சு வந்து பதில் சொல்லவா போறாரு. அப்புறம் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரிச்சப்ப தான் ஆட்டோமேட்டிக் சிக்னல் ரிப்பேரான நேரத்துல சிக்னல தாண்டி போகலாம்னு டிரைவருக்கு எழுதி கொடுக்கற மெமோல இருந்து, ஊழியருக்கு கொடுத்த பயிற்சி வரைக்கும் பல மட்டத்துல ஓட்டைனு வந்துச்சு. மொத நாள் சொன்ன வார்த்தைய யாரும் திரும்ப வாங்கிக்கிட்டதா எனக்கு தெரிஞ்சு இல்ல. இது தான் எனக்கு ரொம்ப வலிக்கிற இடம்.

அந்த விபத்துக்கு மறுநாள் என்ன நடந்துச்சு தெரியுமா? அசிஸ்டன்ட் லோகோ பைலட் போஸ்டுக்கு ஜனவரில 5,696னு அறிவிச்சிருந்தாங்க, அத ஜூன் 18ம் தேதி 18,799ஆ ஏத்தினாங்க. ஏறக்குறைய 13,000 பேர் தேவைனு ஒரே ராத்திரில தெரிய வந்திருக்க முடியாது. ரயில்வே மண்டலங்கள் ஆள் கேட்டுட்டே இருந்திருக்கும், ஃபைல் அங்கங்க கிடந்திருக்கும். அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே, 2023ல, டிரைவர், ஸ்டேஷன் மாஸ்டர் எல்லாம் வர்ற குரூப் சி-ல மட்டும் கிட்டத்தட்ட 2.5 லட்சம் இடம் காலினு அமைச்சரே நாடாளுமன்றத்துல சொல்லியிருக்காரு.

ஆள் இல்லனா இருக்கற ஆள் தலைல தான் விழும். லோகோ கேபின் உள்ள விஜிலன்ஸ் கன்ட்ரோல் டிவைஸ்னு ஒண்ணு இருக்கு, ஒரு நிமிஷம் டிரைவர் எதையும் தொடலனா லைட் எரியும், அப்பவும் ஒண்ணும் பண்ணலனா சத்தம் போடும், அதுக்கும் அசையலனா பிரேக் தானா விழும். அவர் முழிச்சிருக்காரானு பாக்க மெஷின் வச்சாச்சு, அவர் நல்லா தூங்கி எழுந்து வந்தாரானு யார் பாக்கறது? 2024 ஜூன்ல தெற்கு ரயில்வே லோகோ பைலட்டுங்க 46 மணி நேர வார ஓய்வு கேட்டு போராடினாங்க. கணக்கு ரொம்ப சிம்பிள், டூட்டி முடிச்சு வீட்டுக்கு வந்ததுக்கு 16 மணி நேர ஓய்வு தனி, வார ஓய்வு 30 மணி நேரம் தனி. ரயில்வே ரெண்டையும் ஒண்ணா போட்டு 30ல முடிச்சிடுது. தொடர்ந்து ரெண்டு ராத்திரிக்கு மேல டூட்டி வேணாம்னும் கேட்டாங்க, அதுக்கு கிடைச்சது நடவடிக்கை தான். 2025 ஏப்ரல்ல, சாப்பிடவும் பாத்ரூம் போகவும் விதியா பிரேக் கொடுக்கறது சாத்தியமில்லனு கமிட்டி சொன்னத ரயில்வே போர்டு ஏத்துக்கிச்சு. இஞ்சின்ல டாய்லெட் வைக்கிற வேலை இப்ப தான் கொஞ்சம் கொஞ்சமா நடக்குது. பொண்ணுங்க லோகோ பைலட்டா வந்து இத்தன வருஷம் ஆச்சு, தண்ணி குடிக்காம டூட்டிக்கு போறாங்க. வந்தே பாரத்ல நாம ஏசில உக்காந்து வீடியோ எடுக்கறப்போ முன்னாடி கேபின்ல இருக்கறவங்கள ஒரு தடவ நெனச்சு பாருங்க.

வேலைக்கு எடுக்கற விதமும் இப்டி தான். 2019ல அறிவிச்ச என்டிபிசி, அதாவது கிளார்க், ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி டெக்னிக்கல் இல்லாத வேலை, 35,000 சொச்சம் போஸ்டுக்கு ஒரு கோடிக்கு மேல விண்ணப்பம், மொத கட்ட ரிசல்ட் வந்ததே 2022 ஜனவரில, அதுவும் குழப்பமாகி பீகார்ல பசங்க தண்டவாளத்துல உக்காந்தாங்க. 2025 மார்ச்ல லோகோ பைலட் ரெண்டாம் கட்ட தேர்வுக்கு நம்ம ஊர் பசங்களுக்கு தெலங்கானால சென்டர் போட்டாங்க. கடன் வாங்கி டிக்கெட் எடுத்து மொழி தெரியாத ஊர்ல போய் எழுதுனு சொல்றது எந்த விதத்துல நியாயம்?

பணமே இல்லாம தான் இப்டியானு கேப்பீங்க. 2017-18ல பாதுகாப்புக்குனே 5 வருஷத்துக்கு 1 லட்சம் கோடி ரூபாய் தனி நிதினு ஆரம்பிச்சாங்க. 2022ல வந்த, அரசு கணக்க தணிக்கை பண்ற சிஏஜியோட அறிக்கைல, முன்னுரிமை இல்லாத வேலைக்கு அந்த நிதில செலவு கூடிட்டே போனதுனு இருக்கு, தண்டவாளத்த அளக்கற டிராக் ரெக்கார்டிங் கார் ஆய்வுல 30ல இருந்து 100 சதவீதம் வரைக்கும் பற்றாக்குறைனும் இருக்கு. 100 சதவீதம்னா ஒரு தடவ கூட போகல. அந்த அறிக்கை வந்து ஆறு மாசத்துக்குள்ள, சென்னைக்கு வர வேண்டிய கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிசா பாலசோர்ல கவுந்து 290 பேருக்கு மேல செத்தாங்க. அங்க காரணம் தண்டவாளம் இல்ல, சிக்னல் வயரிங்ல பண்ண மாத்தத்துல வந்த தப்பு, 2022 மே மாசம் அதே காரக்பூர் டிவிஷன்ல அதே மாதிரி ஒண்ணு நடந்து கண்டுக்காம விட்டிருக்காங்க. கைதானது 3 ஊழியர்.

1956 நவம்பர் 23 அரியலூர் விபத்த நம்ம வீட்டு பெரியவங்க இன்னும் சொல்லுவாங்க. மருதையாத்துல தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விழுந்து 140 பேருக்கு மேல போனாங்க, லால் பகதூர் சாஸ்திரி பதவிய விட்டாரு. துணை அமைச்சரா இருந்த ஓ.வி.அழகேசன பாத்து "ஆண்டது போதாதா, மாண்டது போதாதா"னு தமிழ்நாடே கேட்டுச்சு. ராஜினாமா பண்ணா தண்டவாளம் சரியாகிடும்னு நான் சொல்லல, மேல இருக்கறவங்களுக்கும் விலை உண்டுங்கற பயம் அன்னிக்கு இருந்துச்சு. தனி ரயில்வே பட்ஜெட்னு இருந்தப்போ வருஷத்துல சில நாளாவது நாடாளுமன்றத்துல ரயில்வேய பத்தி மட்டுமே பேசினாங்க, 2017ல பொது பட்ஜெட்ல கரைச்சதோட அதுவும் சுருங்கிப்போச்சு. 2020 மார்ச்ல நிறுத்தின சீனியர் சிட்டிசன் சலுகைய பல எம்பிக்கள் கேட்டும் திருப்பி தரல, கேட்டா ஏற்கனவே எல்லாருக்கும் மானியம் தர்றோம்ங்கறாங்க. பயணச் செலவுல 57 சதவீதம் தான் வசூலாகுதுனு நம்ம டிக்கெட்லயே அச்சடிச்சாங்க. நமக்கு கணக்கு காட்டத் தெரிஞ்சவங்க அவங்க கணக்கயும் அதே டிக்கெட்ல காட்டட்டும், இந்த டிவிஷன்ல இத்தன லோகோ பைலட் இடம் காலினு.

பொறுப்புக்கு ஒரு ஸ்டார் கொடுத்தது கூட விபத்த விசாரிக்கிற ரயில்வே பாதுகாப்பு ஆணையர் ரயில்வேக்கு கீழ இல்லாம சிவில் ஏவியேஷன் அமைச்சகத்துக்கு கீழ தனியா இருக்கறதால தான். இத படிக்கிறவங்க செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமை, ஆன்லைன் போர்ட்டல்ல 10 ரூபா கட்டி உங்க ரயில்வே டிவிஷனுக்கு மனு போடுங்க, 30 நாள்ல பதில் தரணும். உங்க ஊர் கேட் நம்பர போட்டு அது இன்டர்லாக் ஆகிருக்கா, ஆகலனா எந்த தேதில ஆகும், கேட் கீப்பர் ரோஸ்டர் 8 மணி நேரமா 12ஆ, டிவிஷன்ல லோகோ பைலட் அனுமதிச்ச இடம் எத்தன, இப்ப இருக்கறது எத்தன, இத மட்டும் கேளுங்க. வந்த பதில உங்க எம்பி ஆபீஸ்லயும் ஒரு காப்பி கொடுத்துடுங்க.