கறுப்பு அலியனும் மாமாவின் சாரமும்: பெயின்ட் கீறல்களோடு மூன்று வருடம்

வன்னியில் கறுப்புக் கார் வைத்திருப்பதும் வெள்ளை வேட்டியோடு சூடடிக்கப் போவதும் ஒன்றுதான் என்று வாங்கும்போதே பலர் சொன்னார்கள். கேட்கும் நிலையில் நான் இல்லை. 2020 இல் வாகன இறக்குமதி நின்றபின் நல்ல நிலையில் ஒரு கார் அகப்படுவதே பெரும்பாடாக இருந்தது. 2022 கடைசியில் ஒரு டொயோட்டா அலியன் கிடைத்தது, கறுப்பு. எடுத்துவிட்டேன்.

வீடு பரந்தன் பக்கம், வேலை முல்லைத்தீவில். ஏ35 வீதி கார்ப்பெட் போட்டது, குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்குத் திரும்பும் கடைசி ஒன்றரைக் கிலோமீற்றர்தான் கிரவல். சோளகம் வீசும் மாதங்களில் முன்னால் ஒரு டிப்பர் போனால் போதும், கார் கறுப்பா சிவப்பா என்று கேட்க வேண்டிவரும்.

வாங்கிய மாதமே முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போயிருந்தோம். உடைத்துவிட்டுத் திரும்பி வரும்போது பொனட்டில் வெயில் விழுந்திருந்தது. சூரியன் தெரிந்த இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல ஆயிரம் மெல்லிய வளையங்கள். நிழலில் வைத்துப் பார்த்து வாங்கியதன் பலன்.

அவை உண்மையில் வளையங்கள் அல்ல. எல்லாத் திசையிலும் கிடக்கும் மயிரிழைக் கீறல்கள். வெளிச்சத்துக்குக் குறுக்காகக் கிடப்பவை மட்டும் ஒளியைக் கண்ணுக்குத் திருப்பி அனுப்புவதால் வட்டமாகத் தெரிகிறது. டோர்ச்சை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும்.

முதலில் ஒரு கடையில் கொடுத்தேன். அரை நாள் வேலை. கொண்டுவந்து விட்டபோது முகம் பார்த்துத் தலை சீவலாம்போல இருந்தது. மூன்றாவது தடவை கழுவியபின் பழைய வலை முழுக்கத் திரும்பிவிட்டது. போதாததற்கு மெஷின் ஓடிய பாதை முழுவதும் மங்கலான வால்கள், வெயிலில் மட்டும் தெரிபவை. கீறலை எடுக்காமல் எண்ணெய்ப் பசையுள்ள பொலிஷால் நிரப்பி மூடியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் விளங்கியது. இப்போது யாராவது கடையில் பொலிஷ் செய்தேன் என்றால் நான் சொல்வது ஒன்றுதான்: பார்மசியில் ஐசோபுரோப்பைல் அல்கஹோல் வாங்கி, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஒரு இடத்தைத் துடைத்துப் பாருங்கள். நிரப்பியது கழன்றுவிடும், மிச்சம் இருப்பதுதான் உண்மை. கொரோனாக் காலத்தில் மிஞ்சிய சானிட்டைசரை எடுக்க வேண்டாம், அதில் கிளிசரின் இருக்கும், பசை பிடிக்கும்.

2023 பெப்ரவரியில் சொந்தமாக இறங்கினேன். ஒரே இடத்தில் வேகமாகச் சுற்றும் ரோட்டரி மெஷின் புதிதாகப் பழகுபவரின் கையில் ஆபத்து, ஒரு கணம் அசையாமல் நின்றாலும் பெயின்ட் சூடாகி எரியும். நான் வாங்கியது சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும் டூயல் அக்ஷன் வகை. பெயர் தெரியாத சீன மெஷின், ஐந்து அங்குலத் தட்டு. மூன்று வருடமாகியும் பழுதாகவில்லை. சத்தமும் அதிர்வும் அதிகம், ஒரு மணி நேரம் பிடித்தால் விரல்கள் மரத்துப்போகும், வேறு குறை இல்லை. மருந்து மெக்வயர்ஸ் கம்பனியுடையது: தேய்க்க அல்டிமேட் கொம்பவுண்ட், முடிக்க எம்205.

முதல் நாள் நெஞ்சு நின்றே போனது. பயணி பக்கத்து முன்கதவில் ஒரு அடிச் சதுரத்துக்கு டேப் ஒட்டி, நாலு பொட்டுக் கொம்பவுண்ட் வைத்துத் தேய்த்துவிட்டு, தட்டில் ஒட்டும் பஞ்சுப் பேட்டைத் திருப்பினால் முழுக்கக் கறுப்பு. நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற படலமான கிளியர் கோட்டைத் தின்று நிறம் வரைக்கும் இறங்கிவிட்டேன் என்று நினைத்து மெஷினைக் கீழே வைத்துவிட்டேன். பொனட்டைத் திறந்து தகட்டைப் பார்த்தேன். நிறக் குறியீடு 202. டொயோட்டாவின் இந்த 202 கறுப்பு சாதாரணமாக ஒற்றைப் படலப் பெயின்ட், மேலே கிளியர் கோட் இருக்காது. தேய்த்தால் நிறம் வரத்தான் செய்யும். அதோடு மென்மையான பெயின்ட் என்று பேர்பெற்றது. சும்மா துணி பட்டாலே கீறும், ஆனால் கீறல் எடுப்பதும் அதே அளவுக்குச் சுலபம். கிளியர் கோட் உள்ள காரில் பேட் இப்படிக் காரின் நிறத்துக்கு மாறினால் உடனே நிறுத்துங்கள்.

கிளியர் கோட் சாதாரணமாக 40, 50 மைக்ரோன்தான், ஒரு ஏ4 தாளின் பாதித் தடிப்பு. கீறலை எடுப்பதென்றால் அதன் ஆழம் வரைக்கும் சுற்றியுள்ள பெயின்டைத் தேய்த்து இறக்குவதுதான், வேறு மாயம் இல்லை. விளிம்புகளில் பெயின்ட் இன்னும் மெலிவு. கதவு விளிம்பு, பொனட்டின் மடிப்புக் கோடு எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டாமல் மெஷினைத் தொடாதீர்கள். கறுப்புப் பிளாஸ்டிக் பீடிங்குக்கும் ஒட்டுங்கள், கொம்பவுண்ட் பட்டு வெள்ளையாகக் காய்ந்தால் பல்துலக்கும் பிரஷோடு ஒரு பின்னேரம் போய்விடும்.

பழகப் பழகத் தெரிந்துகொண்டவை சில. மெஷின் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். அமத்தினால் தட்டு சுற்றாமல் வெறுமனே நடுங்கும், சத்தத்தில் வித்தியாசம் தெரியாது, கோடு நின்றுவிட்டதைக் கண்டால் தெரியும். வளைந்த மட்காட்டில் நான் அரை மணி நேரம் சும்மா நடுங்கவிட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். அப்புறம், எங்கள் வெக்கையில் காலை ஒன்பது மணிக்குமேல் வேலை சரிவராது. தகரம் சுட்டால் கொம்பவுண்ட் காய்ந்து மாவாகிவிடும். ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்கு மூடி, இப்படியே நாலு காலை, மொத்தம் பன்னிரண்டு மணித்தியாலம். பேட்டுகள் குறைந்தது ஆறு வேண்டும், இரண்டை வைத்துச் சமாளிக்கப் பார்த்தேன், நடக்கவில்லை. சூட்டில் பஞ்சும் வெல்க்ரோவும் தனித்தனியாகக் கழன்று வரும்.

எண்பது வீதம் போய்விட்டது என்று சொல்வேன். நகத்தை மெதுவாகக் குறுக்கே இழுத்தால் மாட்டும் கீறல்களைத் தொடவில்லை, அவை பொலிஷுக்கு அடங்காதவை. இடப்பக்கக் கதவுகளில் ஈச்சம்பற்றை உரசிய இரண்டு கோடுகள் அப்படியே இருக்கின்றன. பொனட்டில் பக்கத்து வீட்டு ஆடு ஏறி நின்ற குளம்புத் தடமும் இருக்கிறது. அதற்குப் பெயின்ட் கடைதான் வழி, எனக்கு அவ்வளவு ரோசம் இல்லை.

சரி, கதை இங்கேதான் தொடங்குகிறது. இரண்டு கிழமை கழித்து டோர்ச் அடித்துப் பார்த்தால் பொனட்டில் புதுக் கீறல்கள். இந்தத் தடவை எல்லாத் திசையிலும் இல்லை. ஓரத்தில் நின்று ஒரு கை வீசித் துடைத்த வாகில், விசிறிபோல, எல்லாம் ஒரே வளைவு. அடுத்த நாள் விடிய ஐந்தரைக்கு எழும்பிப் பார்த்தேன். மாமா, மனைவியின் அப்பா, பழைய சாரம் ஒன்றை நாலாக மடித்துக் காரைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை.

“காலமை எழும்பினா ஒரே புழுதியாக் கிடக்குது தம்பி. பாக்க ஏலாமக் கிடந்தது, அதான் ஒருக்காத் துடைச்சு விட்டனான்.”

டோர்ச்சை எடுத்து வந்து காட்டினேன். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார்.

“இது சாரமே செய்தது?”

“சாரமில்லை மாமா, மண்.”

வெறும் துணியால் புழுதியைத் துடைப்பது அரத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். மணலில் உள்ள படிகக்கல் துகள் எந்தப் பெயின்டையும்விடக் கடினமானது, துணி அதை அமத்திப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. அலுவலக வாசலில் கோழிச்சிறகு டஸ்டரால் தட்டுகிறார்களே, அதுவும் இதேதான். என் கணிப்பில் கார் வாங்கியபோது இருந்த கீறல்களும் முன்பிருந்தவரின் அன்பால் வந்தவைதான்.

அதன்பிறகு கழுவும் முறையைத்தான் மாற்றினேன். கமக்காரர் முதுகில் போட்டு மருந்தடிக்கும் ஸ்ப்ரேயர் புதிதாக ஒன்று, 16 லீற்றர், கிளிநொச்சியில் வாங்கினேன். பழசை எடுக்காதீர்கள், களைநாசினி மிச்சம் இருக்கும். அதில் ஷாம்புத் தண்ணீர் அடித்து ஐந்து நிமிடம் ஊறவிட்டு, குழாயால் அடித்தால் முக்கால்வாசி மண் கை படாமலே இறங்கிவிடும். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசியபின்தான் ஷாம்பு வாளிக்குள் விடுவது. மேலிருந்து கீழே, பம்பர் அடி கடைசி. முடிந்தபின் தண்ணீர் வாளியின் அடியில் கிடக்கும் செம்மண்ணை மாமா ஒருநாள் கையால் அள்ளிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் கடினத் தண்ணீர், கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிவதே சாட்சி. காரைக் காயவிட்டால் அதே வெள்ளை வட்டங்கள் விழும், வெயிலில் சுட்டால் அரித்தும் விடும். நிழலில் கழுவி உடனே பெரிய மைக்ரோபைபர் துண்டால் ஒற்றி எடுப்பேன். பாலைப்பழக் காலம் தனி வில்லங்கம். வௌவால் தின்றுவிட்டுப் போடுவதும், பிள்ளைகள் பழம் தின்ற கையை வைப்பதும் பசைபோல ஒட்டும். சுரண்டாமல் ஈரத்துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டுவைத்தால் இளகிவிடும்.

பொலிஷுக்குப் பின் முதலில் கார்னோபா மெழுகு பூசினேன். பளபளப்பு அருமை, எங்கள் வெயிலுக்கு இரண்டு மாதம் தாண்டவில்லை. இப்போது செயற்கை சீலன்ட், வருடத்துக்கு இரண்டு தடவை. செராமிக் பூச்சுப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது இரசாயனத்துக்கும் அழுக்குக்கும் நல்லது, சாரத்துக்கு ஈடுகொடுக்காது. கீறல் எடுக்காமல் பூசினால் கீறலையும் சேர்த்துப் பூட்டிவைத்த மாதிரி.

2024 நடுவில் எம்205 மட்டும் ஒரு தடவை ஓட்டினேன், பொனட்டுக்கும் டிக்கிக்கும். அதன்பிறகு மெஷினைத் தொடவில்லை. கதவுக் கைபிடிக் குழிகளில் நகக் கீறல்கள் இருக்கின்றன, கூரையில் மெல்லிய வலை கொஞ்சம் திரும்பியிருக்கிறது. முறிகண்டியில் வெயிலில் நிறுத்தினால் நான் மட்டும்தான் கண்டுபிடிப்பேன்.

மாமா இப்போது சாரத்தை டயருக்கு மட்டும் எடுக்கிறார். ஸ்ப்ரேயர் அவர் பொறுப்பு, வேறு யாரையும் தொடவிடுவதில்லை. மெஷின் பெட்டிக்குள் கிடக்கிறது, மச்சான் தன் வெள்ளை வாகன் ஆர் காருக்கு இரவல் கேட்டிருக்கிறார். வெள்ளையில் எந்தக் கீறலைக் கண்டார் என்று தெரியவில்லை, டோர்ச்சையும் சேர்த்துத்தான் கொடுத்துவிட வேண்டும்.