குரல் பதிவை எடிட் செய்யக் கொடுக்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் படியுங்கள்

ஆடியோ புத்தகத்துக்காகக் கதை வாசித்து, அதைச் சுத்தம் செய்ய ஆன்லைனில் ஆள் தேடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். "ஸ்டூடியோ தரம்" என்று விளம்பரம் செய்த ஒருவர், முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டு என்னை நன்றாக ஏமாற்றிவிட்டார்.

நான் கொடுத்தது 44.1 கிலோஹெர்ட்ஸ் மோனோ வேவ் ஃபைல், அதாவது சுருக்காத ஒலிப்பதிவு. எங்கேயும் கிளிப் ஆகவில்லை, அதாவது சத்தம் அளவு மீறிச் சிதையவில்லை. பின்னால் கம்ப்யூட்டர் ஃபேன் சத்தம் லேசாகக் கேட்கும். அதைக் குறைத்து, தடுமாறிய இடங்களை வெட்டி, ஒலி அளவைச் சமமாக்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

திரும்பி வந்ததைக் கேட்டதும் வயிறு எரிந்தது. ஃபேன் சத்தம் போயிருந்தது, கூடவே குரலும் போயிருந்தது. "வந்து", "கேட்டு", "என்று" என்று சொல் எங்கெல்லாம் குற்றியலுகரத்தில் முடிகிறதோ, அங்கெல்லாம் "வந்த்", "என்ற்" என்று வெட்டுப்பட்டு நிற்கிறது. கதை சொல்லும்போது வரிக்கு வரி இப்படித்தானே முடியும்! நாய்ஸ் கேட் என்பது ஒரு வரம்புக்குக் கீழே உள்ள ஒலியை எல்லாம் அடைத்துவிடும் கருவி. அந்த வரம்பைக் கண்மூடித்தனமாக ஏற்றினால் இதுதான் நடக்கும். அந்த உகரம் மிகவும் சன்னமானது, அதையும் இரைச்சலோடு சேர்த்து அடைத்துவிடும். மிஞ்சிய குரலிலும் நாய்ஸ் ரிடக்‌ஷன் அளவுக்கு மீறிப் போட்டதால், தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல ஒரு குழறல்.

தடுமாறி இரண்டு முறை வாசித்த வரிகள் இரண்டு முறையும் அப்படியே இருந்தன. ஆக, அவர் அதை முழுக்கக் கேட்கவே இல்லை.

அப்புறம் இன்னொரு சந்தேகம் வந்தது. ஃபைலை ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் திறந்து, ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றினேன். என் மூலப் பதிவில் "ஸ" ஒலி வரும் இடங்களில் கோடுகள் 16 கிலோஹெர்ட்ஸைத் தாண்டி மேலே போகின்றன. அவர் தந்ததில் சரியாக 16-இல் அளவுகோல் வைத்து வெட்டியது போல எல்லாம் நின்றுவிட்டது. ஒலியைச் சுருக்கிச் சேமிக்கும் 128 கேபிபிஎஸ் எம்பி3-யில் பெரும்பாலும் இப்படித்தான் தெரியும். எம்பி3 ஆக்கி, மறுபடி வேவ் ஆக மாற்றி அனுப்பியிருக்கிறார். ஃபைல் அளவை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. மறுபடி வேவ் ஆனதும் நிமிடத்துக்குச் சுமார் 5 எம்பி என்று பழைய அளவுக்கே வந்துவிடும். போன ஒலி மட்டும் திரும்பாது.

கேட்டதற்கு "உங்கள் மைக் சரியில்லை" என்றார். எங்கே என்ன மாற்றினார் என்று காட்டும் பிராஜெக்ட் ஃபைலைக் கேட்டேன், அதற்குத் தனிக் கட்டணம் என்றார். பிறகு பதிலே இல்லை.

அவருடைய விளம்பரத்தில் இருந்த "முன்னும் பின்னும்" மாதிரியையும் பொறுமையாக ஆராய்ந்தேன். "பின்" பகுதியின் ஒலி அளவு கூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. சத்தம் கூடினாலே காதுக்குத் தெளிவு கூடிய மாதிரி தோன்றும். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். மாதிரியில் சொற்களுக்கு நடுவே ஒன்றுமே இல்லாத வெறுமை இருந்தால் அந்த ஆளிடம் போகாதீர்கள். ஆடியோ புத்தகங்களை வெளியிட உதவும் ஏசிஎக்ஸ் (ACX) தளமே பின்னணி இரைச்சல் -60 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றுதான் கேட்கிறது, முழு வெறுமையைக் கேட்கவில்லை. அத்தியாயத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் அறையின் இயல்பான ஒலி கொஞ்சம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

யாரிடம் கொடுப்பதானாலும், உங்கள் பதிவிலேயே தடுமாற்றமும் மூச்சொலியும் உள்ள ஒரு நிமிடத்தை முதலில் கொடுத்துப் பாருங்கள். பிராஜெக்ட் ஃபைலும் சேர்த்துத் தருவாரா என்று எழுத்தில் வாங்குங்கள். மூலப் பதிவை அழிக்கவே அழிக்காதீர்கள். என்னுடையது பத்திரமாக இருந்ததால்தான் இப்போது நானே உட்கார்ந்து எடிட் செய்ய முடிகிறது.

ஏற்கெனவே வேலை வாங்கியவர்கள் இன்றைக்கே ஸ்பெக்ட்ரோகிராமைப் பாருங்கள். பணம் கட்டிய வழியில் புகார் கொடுக்கப் பொதுவாகக் காலக்கெடு இருக்கும். அது முடிவதற்குள், மூலப் பதிவு, திரும்பி வந்த பதிவு இரண்டின் ஸ்பெக்ட்ரோகிராம் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புகாரோடு அனுப்புங்கள். நானும் அப்படித்தான் அனுப்பியிருக்கிறேன்.